தொலி உளுந்தா, உருட்டு உளுந்தா?

பாளையங்கோட்டையில் இருந்த பத்து வருஷமும் எங்கள் வீட்டில் உருட்டு உளுந்துதான். ரெண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் உளுந்தை ஊறப்போட்டுத் தொலி கழுவ யாருக்கு நேரம்? பாக்கெட்டை வெட்டி, ரெண்டு தண்ணீரில் அலசி ஊறவைத்தால் வேலை முடிந்தது. அம்பாசமுத்திரத்துக்கே திரும்பி வந்த பிறகுதான் இட்லிக்கும் தோசைக்கும் தொலி உளுந்துக்கு மாறினோம். மாறுவதற்கு முன் ரெண்டு மாதம் இரண்டையும் மாற்றி மாற்றி அரைத்துப் பார்த்தேன். ஒரே அரிசி, ஒரே கிரைண்டர், ஒரே பாத்திரம். அதில் தெரிந்துகொண்டதைத்தான் சொல்லப்போகிறேன். தொலி உளுந்தின் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு விளக்கம். தோலை நாங்கள் தொலி என்போம். கறுப்புத் தோலோடு இரண்டாக உடைத்தது தொலி உளுந்து. தோலை முழுக்க நீக்கி, உடையாமல் முழுசாக வெள்ளையாக வருவது உருட்டு உளுந்து. வியாபாரிகள் அதைக் கோட்டா என்றும் சொல்வார்கள். மூன்றாவதாக உடைக்காத முழுக் கறுப்பு உளுந்து இருக்கிறது. களிக்கு மாவு திரிக்க அது நல்லது. இட்லிக்கு அதை வைத்து மல்லுக்கட்ட வேண்டாம். தொலி எளிதில் கழலாது, எவ்வளவு நேரம் ஊறினாலும் ஊறாத நாலு உளுந்து மணி சல்லிக்கல் மாதிரி அடியில் கிடக்கும், வண்டும் முழு உளுந்தைத்தான் முதலில் தேடி வரும். அதன் மேல்தோலில்தான் பயறு வண்டு முட்டையிடுகிறது. ஆகவே போட்டி மற்ற இரண்டுக்கும்தான்.

சத்தைப் பற்றி அதிகம் நீட்ட வேண்டியதில்லை. தொலியில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் உண்டு, எல்லாருக்கும் தெரியும். ஆனால் இட்லி மாவுக்குத் தொலியைக் கழுவித்தானே எடுக்கிறோம்? அங்கே சத்துக் கணக்கு பேசிப் பயனில்லை. உளுந்தஞ்சோறு, களி, இட்லிப்பொடி என்று தொலியோடு சாப்பிடுகிற பண்டங்களுக்குத்தான் அந்தப் பேச்சு பொருந்தும்.

முக்கியமான விஷயம், ஆலையில் உளுந்துக்கு என்ன நடக்கிறது என்பது. உளுந்தின் தோலுக்கும் பருப்புக்கும் நடுவே ஒரு பசை உண்டு. பயறுகளில் துவரையும் உளுந்தும் தோல் உரிய அடம்பிடிப்பவை. அதனால் ஆலையில் முதலில் சாணைக்கல் உருளையில் விட்டு மேல்தோலைக் கீறுகிறார்கள். பிறகு கொஞ்சம் எண்ணெய் தடவிப் புரட்டி வைத்து, வெயிலிலோ சூடான காற்றிலோ காயவைத்து, மறுபடி தண்ணீர் தெளித்து, மறுபடி உருளையில் விடுகிறார்கள். தோல் முழுக்கப் போகும்வரை இது இரண்டு மூன்று சுற்று நடக்கும். கடைசியில் பளபளப்புக்காக ஒரு உருட்டு. வெள்ளையாகத் தெரிவதற்கு மாக்கல் பொடி போட்டு உருட்டுகிற வழக்கமும் உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் தோலோடு சேர்த்துப் பருப்பின் மேற்பூச்சும் கொஞ்சம் தேய்ந்து பொட்டாக, அதாவது தொலியும் தூளும் கலந்த மாட்டுத் தீவனமாகப் போகிறது. புரதம் அடர்த்தியாக இருப்பது அந்த மேற்பூச்சில்தான். மாட்டுக்குப் பொட்டு அவ்வளவு பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தொலி உளுந்துக்கு இத்தனை பாடு இல்லை. காயவைத்து, லேசாக ஈரம் காட்டி, உடைத்து, புடைத்தால் தீர்ந்தது. எங்கள் ஆச்சி இதைத் திருவையிலேயே செய்வாள். ஒரு கையால் உளுந்தைக் குழியில் போட்டுக்கொண்டே மறு கையால் சுற்றுவாள். பிறகு சுளவில் போட்டு நாலு தட்டுத் தட்டினால் குருணை ஒரு பக்கம், தொலி ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம் என்று தானாகப் பிரிந்து நிற்கும். இன்று மில்லில் உடைத்தாலும் வேலை ஏறக்குறைய அதேதான்.

இனி மாவு. இட்லி மாவு பொங்குவதற்கு இரண்டு காரியம் நடக்க வேண்டும். ஒன்று, காற்று உண்டாக வேண்டும். இன்னொன்று, உண்டான காற்று வெளியே போகாமல் மாவுக்குள்ளேயே நிற்க வேண்டும். காற்றை உண்டாக்குவது லியூக்கோனாஸ்டாக் என்கிற நுண்ணுயிரிதான் பெரும்பாலும். அதை நாம் தனியாகச் சேர்ப்பதில்லை, உளுந்தோடும் அரிசியோடும் அதுவே வருகிறது, உளுந்தில்தான் அதிகம். காற்றைப் பிடித்து வைப்பது உளுந்தின் புரதமும், அரபினோகாலக்டன் என்கிற சர்க்கரைப் பசையும் சேர்ந்து போடுகிற நுரை. கிரைண்டரில் ஆடும்போது உளுந்து வெள்ளை வெளேர் என்று பந்தாக எழும்பி வருகிறதே, அந்த நுரைதான். மற்ற பருப்பில் இட்லி சுட்டால் உளுந்து இட்லியின் மெத்து வராததற்குக் காரணம் இந்தப் பசைதான்.

மேற்பூச்சு தேய்ந்து, சூடும் பட்ட பருப்பில் இந்த இரண்டு காரியமும் கொஞ்சம் மட்டுப்படும். என் அடுப்படியில் அது இப்படித் தெரிந்தது. தொலி உளுந்தில் நாலு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் போதுமானதாக இருந்தது. உருட்டு உளுந்தில் அதே மெத்து வர ஒன்றேகால் டம்ளர் போட வேண்டியிருந்தது. அரைத்த மாவில் ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டால் தொலி உளுந்து மாவு பஞ்சு மாதிரி மிதந்தது. உருட்டு உளுந்து மாவு மிதந்தாலும் பாதி முங்கித்தான் நின்றது.

ஆனால் இதை அப்படியே எடுத்துக்கொண்டால் உருட்டு உளுந்துக்கு அநியாயம் செய்தவனாவேன். நான் முதலில் ஒப்பிட்டது கடை பாக்கெட்டையும், அறுவடை முடிந்த கையோடு வந்த புதுத் தொலி உளுந்தையும். ஒன்று எப்போது விளைந்தது என்றே தெரியாது, மற்றது மாசம்கூட ஆகாதது. அதனால் பழகிய மில் ஒன்றில் அதே பருவத்து உளுந்தை உருட்டாக வாங்கி வந்து மறுபடி அரைத்தேன். வித்தியாசம் பாதியாகக் குறைந்துவிட்டது. மீதிப் பாதி அப்படியே இருந்தது. அதாவது நான் முதலில் பார்த்த வித்தியாசத்தில் ஒரு பாதி பழசு புதுசு சம்பந்தப்பட்டது, ஒரு பாதிதான் ஆலை வேலை.

என்னைத் தொலி உளுந்தின் பக்கம் முழுசாகத் தள்ளியது இந்த இடம்தான். உளுந்தின் வயசு இவ்வளவு முக்கியம் என்றால், எதில் வயசு கண்ணுக்குத் தெரிகிறது? தொலி உளுந்து எதையும் மறைக்காது. கையில் அள்ளிப் பார்த்தாலே போதும். புதுசின் உள்முகம் பால் வெள்ளையாக இருக்கும். நாள்பட்டால் அது மஞ்சளிக்கும், தொலியும் கறுப்பு மங்கிப் பழுப்பேறும், முகர்ந்தால் மக்கிய வாடை வரும். உருட்டு உளுந்தைப் பளபளப்பாக உருட்டிவிட்டால் ரெண்டு வருஷத்துச் சரக்கும் நேற்றைய சரக்கும் ஒரே வெள்ளை. ஒரு தடவை வாங்கின பாக்கெட் ஒன்றை ஊறப்போட்டதும் தண்ணீர் சுண்ணாம்பு கரைத்த மாதிரி ஆனது. நாலு தண்ணீர் மாற்றியும் கலங்கல் தெளியவில்லை. அன்று அரைத்த மாவு மறுநாள் மதியம்வரை பொங்கவே இல்லை, சித்திரை வெயிலிலும்.

எங்கள் பக்கம் புது உளுந்து எப்போது வரும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். கோவில்பட்டி, சங்கரன்கோவில் கரிசலில் ஐப்பசி மழைக்கு விதைத்தது தை, மாசியில் வீட்டுக்கு வரும். தாமிரபரணிப் பாசனத்தில் பிசான நெல் அறுத்த வயலின் ஈரத்தில் விதைத்தது சித்திரை, வைகாசியில் வரும். இந்த இரண்டு பருவத்திலும் கடைக்குப் போய், "அண்ணாச்சி, இது நம்ம பக்கத்துச் சரக்கா, பர்மாவா?" என்று கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுகிறார். பர்மா உளுந்து மோசம் என்று சொல்ல மாட்டேன். நம் நாட்டுக்கு வெளியிலிருந்து வருகிற உளுந்தில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது. கப்பலேறி, கிட்டங்கியில் கிடந்து நம் கைக்கு வரும்போது அது எத்தனை மாசமானது என்பதுதான் கேள்வி.

தொலி கழுவுகிற வேலைக்குப் பயந்துதான் பலரும் உருட்டுக்குப் போகிறார்கள். அரைக் கிலோவுக்குக் கால் மணி நேரம் ஆகும், அதை இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் வேலையைச் சுலபமாக்குகிற வழி ஒன்று அத்தை சொல்லிக் கொடுத்தாள், அதுவே மாவுக்கும் நல்லது. முதலில் தூசி போக ஒரு அலசு அலசி அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். அப்புறம் நல்ல தண்ணீர் ஊற்றி மூன்று மணி நேரம் ஊறவைக்க வேண்டும். இனி அந்தத் தண்ணீரைக் கொட்டவே கூடாது. உளுந்தை உள்ளங்கையால் அழுத்திப் பிசைந்தால் தொலி வழுக்கிக்கொண்டு கழன்று வரும். பாத்திரத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் தொலி மேலே மிதக்கும், பருப்பு அடியில் தங்கும். மிதப்பதை அரிப்பு (சல்லடை) வழியாக இன்னொரு பாத்திரத்தில் வடித்து, தொலியைப் பிழிந்து ஒதுக்கிவிட்டு, அதே தண்ணீரை மறுபடி உளுந்தில் ஊற்ற வேண்டும். ஐந்தாறு தடவை இப்படி மாற்றினால் போதும். தண்ணீர் கொழகொழவென்று ஆகிவிடும். அந்தக் கொழகொழப்பில்தான் பொங்கவைக்கிற உயிரும் பசையும் இருக்கின்றன. அரைக்கும்போது தெளிக்க அதையே வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு தடவையும் புதுத் தண்ணீர் விட்டுக் கழுவினால் நல்லதெல்லாம் சாக்கடையில் போய்விடும், பிறகு தொலி உளுந்து வாங்கியதில் அர்த்தமில்லை.

நாலைந்து கறுப்புத் தொலி மாவில் தங்கத்தான் செய்யும். இட்லியில் மிளகுத்தூள் விழுந்த மாதிரி புள்ளி தெரியும். விருந்தாளி வருகிற அன்றைக்கு அது உறுத்தினால் இன்னும் ரெண்டு சுற்றுக் கழுவ வேண்டியதுதான்.

விலைக் கணக்கில் ஏமாந்துவிட வேண்டாம். உளுந்தின் எடையில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு வாக்கில் தொலி. தொலி உளுந்து கிலோ 120 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கழுவிய பிறகு கையில் நிற்கிற பருப்புக் கணக்கில் அது கிட்டத்தட்ட 136 ரூபாய். உடைக்கும்போதே கொஞ்சம் தொலி பறந்துவிடுவதால் அசலில் இதற்குச் சற்றுக் குறையும். உருட்டு 135, 140-க்குக் கிடைக்கிற நாளில் ரெண்டும் ஒன்றுதான். மாவு கூடக் காண்பதில்தான் எனக்கு மிச்சம்.

உருட்டு உளுந்து ஜெயிக்கிற இடங்களும் உண்டு. மெதுவடைக்கு நான் இன்றும் அதைத்தான் வாங்குகிறேன். வடைக்கு முக்கால் மணி நேரம் ஊறினால் போதும், தண்ணீர் அதிகம் குடிக்காத பருப்பு வேண்டும், நிறமும் வேண்டும். அப்பளத்துக்குச் சொல்லவே வேண்டாம். பக்கத்தில் கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் இடுகிறவர்கள் யாரும் தொலியோடு மாவு திரிக்க மாட்டார்கள். ஆனால் அவர்களும் புதுப் பருப்புக்குத்தான் அலைவார்கள், மாவில் இழுவை இல்லாவிட்டால் அப்பளம் விரிந்து வராது. ஒரு நாளைக்குப் பத்து இருபது கிலோ அரைக்கிற ஓட்டலுக்குத் தொலி கழுவுகிற கூலி கட்டுப்படியாகாது என்றுதான் தோன்றுகிறது. நான் பேசுவது வீட்டு அளவில்.

இட்லிப்பொடிக்குத் தொலி உளுந்தை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. இரும்புச் சட்டியில் சிறுதீயில் வறுக்கும்போது தொலியிலிருந்து வருகிற மணம் வெள்ளைப் பருப்பில் கிடையாது. ஒரே ஒரு சங்கடம், கறுப்பாக இருப்பதால் சிவந்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு பருப்பை எடுத்துக் கடித்துப் பார்க்க வேண்டும். நறுக்கென்று உடைந்து உள்முகம் பொன்னிறமாக இருந்தால் இறக்கிவிடலாம்.

பொடி என்றதும் மிளகாய் வத்தலையும் சொல்ல வேண்டும், அதற்கும் இதே நியாயம்தான். தரையில் வெறுமனே பரப்பி, ராத்திரிப் பனியிலும் கிடந்து காய்ந்த வத்தலில் வெளுத்த சோடையும் பூஞ்சையும் சேரும். பாயிலோ தார்ப்பாயிலோ காயவைத்து, மாலையில் மூடிவைத்த வத்தல் ஒரே சிவப்பாக இருக்கும், அசைத்தால் விதை சலசலக்கும். பொடியாக வாங்கினால் இந்த இரண்டில் எது உள்ளே போனது என்று யாருக்குத் தெரியும்? வத்தலாக வாங்கி, காம்பு கிள்ளும்போதே பார்த்துவிடலாம். மில்லில் திரித்தால் பொடி கையைச் சுடுகிற சூட்டில் வரும். அதை உடனே டப்பாவில் அடைத்தால் ஆவி கட்டிக் கட்டியாகிவிடும், மணமும் மாறும். செய்தித்தாளில் பரப்பி நன்றாக ஆறவிட்டு அடைக்க வேண்டும். உரலில் இடித்தால் இந்தச் சூடு இல்லை, மணம் நிற்கிறது. ஆனால் வருஷத்துக்கு வேண்டிய சாம்பார்ப்பொடியை உரலில் இடிக்கச் சொல்ல மாட்டேன். இட்லிப்பொடி மட்டும் எங்கள் வீட்டில் இடித்துத்தான் செய்கிறோம்.

இப்போதைய ஏற்பாடு இது. மாசியிலும் வைகாசியிலும் ஐந்தைந்து கிலோ தொலி உளுந்து வாங்குகிறோம். ஒரு நாள் முழுக்க வெயிலில் காயவைத்து, சூடு ஆறியதும் தகர டின்னில் போட்டு, ரெண்டு துண்டு வசம்பு வைத்து மூடிவிடுவோம். வடைக்கு மட்டும் உருட்டு உளுந்து, அதுவும் கால் கிலோவுக்கு மேல் வாங்குவதில்லை. வைகாசியில் வாங்கியது ஐப்பசிக்கு மேல் கொஞ்சம் சோர்ந்துவிடுகிறது. அப்போதிருந்து புது உளுந்து வரும்வரை நாலுக்கு ஒன்று என்ற கணக்குக்கு மேல் ஒரு கை உளுந்து கூடப் போட்டுக்கொள்கிறேன்.