கிரகணம் பார்க்க எந்த இடம்: மாடியா, பீச்சா, மலையா, போனா?

சந்திர கிரகணம் வருகிறது என்று செய்தி வந்ததும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ‘எங்கே போய்ப் பார்க்கலாம்?’ என்ற பேச்சு தொடங்கிவிடும். ஒருவர் பெசன்ட் நகர் பீச் என்பார். கார் வைத்திருக்கும் உற்சாகக்காரர் ஏலகிரி என்பார். எதற்கு அலைச்சல், யூடியூபில் நேரலையே வருமே என்று ஒரு சித்தப்பா முடித்து வைப்பார். மொட்டை மாடியை யாரும் சொல்ல மாட்டார்கள். தலைக்கு மேலேயே இருப்பதால் அது ஒரு இடமாகவே யாருக்கும் தோன்றுவதில்லை.

சென்னையில் இருப்பவர்களுக்காக இந்த நான்கையும் அலசிப் பார்க்கலாம். அதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கிரகணம் உச்சத்தில் இருக்கும்போது நிலா வானத்தில் எவ்வளவு உயரத்தில் இருக்கும்? இதைக் கேட்காமல் இடத்தை முடிவு செய்தால் பாதி ராத்திரி வீணாகும்.

2025 செப்டம்பர் 7 கிரகணத்தையே எடுத்துக்கொள்வோம். இரவு 8.58-க்கு நிலா பூமியின் புறநிழலில், அதாவது நிழலின் மங்கலான வெளிப்பகுதியில், நுழைந்தது. 9.57-க்கு நடுவிலுள்ள இருண்ட கருநிழல் கடிக்க ஆரம்பித்தது. 11.01 முதல் 12.23 வரை முழு கிரகணம். எல்லாம் விலகி முடியும்போது மணி அதிகாலை 2.25. ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம். உச்சத்தில் நிலா சென்னைக்கு 70 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்ட நடு உச்சியில் இருந்தது. அவ்வளவு உயரத்தில் இருப்பதை நின்றுகொண்டு பார்த்தால் பத்தே நிமிடத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும். படுக்கத்தான் வேண்டும். குழந்தைகள், பெரியவர்கள் என்று பத்துப் பேர் பாய் விரித்துப் படுக்க, கழிப்பறையும் குடிதண்ணீரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, மொட்டை மாடியை விட்டால் வேறு இடம் ஏது?

மாடிக்கும் சில முன்னேற்பாடுகள் வேண்டும். அடுக்ககமாக இருந்தால் மாடிச் சாவி சங்கச் செயலாளரிடமோ வாட்ச்மேனிடமோ இருக்கும். அதை மதியமே வாங்கி வைத்துவிட வேண்டும். வெயில் குடித்த தளம் இரவு ஒன்பது மணிக்கும் சுடும் என்பதால், பொழுது சாயும்போது நாலு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டால் படுக்கும் நேரத்துக்கு ஆறியிருக்கும். தண்ணீர்த் தொட்டி பக்கம் இருக்கும் விளக்கை அணைக்க வேண்டும். கொசுவத்தியைக் காற்று வரும் திசையில் வைத்தால் புகை முகத்தில் அடிக்கும், எதிர்ப்பக்கம் வைத்தால் கொசு கடிக்கும். இதற்கு நான் இன்னும் தீர்வு கண்டுபிடிக்கவில்லை.

மாடியின் பெரிய பலம் மேகம் வரும்போதுதான் தெரியும். செப்டம்பரில் சென்னை வானத்தை நம்ப முடியாது. சாயங்காலம் இடித்து மழை பெய்துவிட்டு, இரவெல்லாம் துண்டு துண்டாக மேகம் ஓடும். கடற்கரையில் உட்கார்ந்திருப்பவர்கள் அரை மணி நேரம் மேகம் மறைத்தால் மணலைத் தட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். மாடிக்காரர்களுக்கு அந்த அவசரம் கிடையாது. கீழே போய் டீ போட்டுக்கொண்டு வரலாம், ஒருவரை மட்டும் காவலுக்கு விட்டு மற்றவர்கள் தூங்கலாம். முழு கிரகணமே ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும்போது எங்காவது ஒரு இடைவெளி கிடைக்கும், ‘வாங்க வாங்க, தெரியுது’ என்று ஒரு குரல் வந்தால் போதும்.

இன்னொன்றும் உண்டு. கிரகணத்தை அறிவியல் பாடம் மாதிரி பார்ப்பவர்களும், தர்ப்பை கிள்ளிப் பால் பாத்திரத்தில் போடுபவர்களும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். என் மாமியார் கிரகணம் விட்டுக் குளித்த பிறகுதான் தண்ணீரே குடிப்பார். பீச்சுக்கு வாருங்கள் என்றால் ‘கிரகண நேரத்துல வெளியிலயா?’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். ஆனால் மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்து, தலையை மட்டும் வெளியே நீட்டி, மொத்தத்தையும் பார்த்தார். பக்கத்தில் மின்னிய புள்ளி சனி கிரகம் என்று பையன் சொன்னதும், ‘கிரகணத்தன்னிக்கு அவர் வேறயா’ என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். வீட்டில் உலக்கை இருந்திருந்தால் தாம்பாளத்தில் நிறுத்திக் காட்டியிருப்பார். கிரகணம் இல்லாத நாளிலும் உலக்கை நிற்கும் என்பதை யார் போய் அவரிடம் சொல்வது?

சரி, கடற்கரைக்கு வேலையே இல்லையா என்றால், உண்டு. நிலா உதிக்கும்போதே கிரகணம் பிடித்திருந்தால் மாடி தோற்றுவிடும். எதிர்க் கட்டடங்கள் அடிவானத்தை மறைத்துவிடும். 2018 ஜனவரி 31 அப்படிப்பட்ட நாள். சென்னையில் ஆறு மணிக்குச் சற்றுப் பிறகு, ஒரு பெரும்பகுதி நிழலுக்குள் போன நிலையிலேயே நிலா கடலிலிருந்து எழுந்தது, 6.22-க்கு முழு கிரகணம் தொடங்கி 7.38 வரை நீடித்தது. கிழக்கே தடையில்லாத கடல், குழந்தைகள் விழித்திருக்கும் நேரம், கையில் மாங்காய் சுண்டல். அன்றைக்கு மெரினாவும் திருவான்மியூரும் அடித்துக்கொள்ள ஆளில்லாத இடங்கள். 2026 மார்ச் 3 கணக்கும் இதே வகைதான், ஆனால் சென்னைக்கு வால் மட்டும்தான் மிச்சம்: முழு கிரகணம் 5.33-க்கே முடிந்துவிட, அதற்குப் பிறகு உதிக்கும் நிலாவில் 6.47 வரை ஒரு ஓரத்து நிழல். அதையும் கடற்கரையில்தான் பிடிக்க முடியும்.

அடிவானத்தில் தெரியும் கிரகண நிலாவுக்கு ஒரு குறையும் இருக்கிறது. கடல்மேல் எப்போதும் ஒரு புழுதி மங்கல் நிற்கும். அந்தி வெளிச்சமும் சேர்ந்தால், நிழலுக்குள் போன நிலா எங்கே இருக்கிறது என்றே முதல் சில நிமிடங்கள் தெரியாது. கூட வந்தவர்களை ‘அதோ அங்கே’ என்று ஏமாற்றாமல், கொஞ்சம் மேலே ஏறும்வரை பொறுங்கள் என்று சொல்லிவிடுவது நல்லது. நள்ளிரவுக் கிரகணத்துக்கு மட்டும் பீச் வேண்டாம். இரவு பத்துக்கு மேல் உட்கார விடுவார்களா என்பதே நிச்சயமில்லை. விட்டாலும் சாலை விளக்கு முகத்தில் அடிக்கும்.

மலைக்காரர்களின் வாதம், இருண்ட வானம். ஏலகிரிக்கோ காவலூர் வானாய்வகம் இருக்கும் ஜவ்வாது மலைக்கோ போனால் நட்சத்திரம் கொட்டிக் கிடக்கும் என்பார்கள். உண்மைதான், ஆனால் பௌர்ணமியன்று இல்லை. நிலா முழு வெளிச்சத்தோடு இருக்கும்வரை மலையிலும் வானம் வெளுத்துத்தான் இருக்கும். முழு கிரகணத்தில் நிலா பல ஆயிரம் மடங்கு மங்கும்போதுதான் நட்சத்திரங்கள் குபீரென்று வெளியே வரும், பால்வீதியும் தெரியும். அது அற்புதமான காட்சி, மறுக்கவில்லை. ஆனால் 2025-இல் அதன் நேரம் 82 நிமிடம். அதற்காக இருநூறு கிலோமீட்டருக்கு மேல் காரில் குழந்தைகளோடு போய், மலைமேல் மூடுபனி இறங்கிவிட்டால் என்ன செய்வீர்கள்? நண்பர்கள் மட்டும் நான்கைந்து பேர், மறுநாள் விடுமுறை என்றால் போகலாம். குடும்பத்தோடு என்றால் எரிகல் பொழிவுக்கு, அமாவாசையை ஒட்டிப் போங்கள். இருட்டுக்கு அங்கேதான் முழு மதிப்பு.

நேரலைக்கு ஒரே ஒரு வேலைதான்: வானம் முழுக்க மூடிக்கொண்டால் காப்பாற்றும். 2025-இல் பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம் தன் தொலைநோக்கிகளிலிருந்து ஒளிபரப்பியது. போனைப் பாயின் ஓரத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் சின்னப் பிள்ளைகளிடம் திரையைக் காட்டிவிட்டால் அப்புறம் அவர்கள் மேலே பார்க்கவே மாட்டார்கள்.

இடத்தை விடக் கருவியைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள், அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். சந்திர கிரகணத்துக்குக் கண்ணாடி எதுவும் தேவையில்லை. வெறும் கண்ணால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். சூரிய கிரகணப் பயத்தை இதில் கலக்க வேண்டாம். தொலைநோக்கி இருந்தால் குழிகளின்மேல் நிழல் ஊர்வதைப் பார்க்கலாம்தான், ஆனால் ஒருவர் பார்க்க ஒன்பது பேர் வரிசையில் நிற்க வேண்டும். என் ஓட்டு பைனாகுலருக்கு. 7x50 அல்லது 10x50 (முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, அடுத்தது முன் லென்ஸின் அகலம் மில்லிமீட்டரில்), பெரிதாக்குவது அதற்கு மேல் போனால் கை நடுங்குவதும் பெரிதாகத் தெரியும். முழு கிரகணம் தொடங்கும் சமயத்திலும் முடியும் சமயத்திலும் நிழலின் விளிம்பை அதில் பாருங்கள்: செம்புச் சிவப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே மெல்லிய நீலப்பச்சைக் கீற்று ஒன்று தெரியும். சூரிய ஒளி நம் காற்று மண்டலத்தின் அடிப்பகுதியைத் துளைத்து வரும்போது நீலம் சிதறிப்போய்ச் சிவப்பு மட்டும் நிலாவுக்குப் போகிறது; மேலே ஓசோன் அடுக்கு வழியாகப் போகும் ஒளியில் சிவப்பு உறிஞ்சப்பட்டு நீலம் எஞ்சுகிறது. வெறும் கண்ணுக்கு இது எளிதில் பிடிபடாது. என் தம்பி பையன் இதைப் பார்த்தபின் பைனாகுலரைத் திருப்பித் தரவே இல்லை.

பிள்ளைகளைத் தூங்காமல் வைத்திருக்க ஒரு விளையாட்டு உண்டு. பிரெஞ்சு வானியலாளர் ஆந்த்ரே டான்ஜோன் கிரகண நிலாவின் இருட்டை 0 முதல் 4 வரை அளக்க ஒரு அளவுகோல் வைத்தார். 0 என்றால் நிலா கிட்டத்தட்டக் காணாமல் போவது, 4 என்றால் பளிச்சென்ற ஆரஞ்சு. உச்ச நேரத்தில் ஆளுக்கொரு எண்ணைச் சீட்டில் எழுதி மடித்துப் போடச் சொல்லுங்கள். 1991-இல் பிலிப்பைன்ஸில் பினட்டூபோ எரிமலை வெடித்துத் தூசி வானில் பரவியதால், 1992 டிசம்பர் கிரகணத்தில் நிலா மிகவும் கறுத்துப் போனதைச் சொன்னால், சீட்டைத் திருத்த வேண்டும் என்று ரெண்டு பேர் சண்டைக்கு வருவார்கள்.

அடுத்து நமக்கு உருப்படியாகக் கிடைப்பது 2028-இல்தான். 2027-இல் வருபவை வெறும் புறநிழல் கிரகணங்கள், கண்ணுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. 2028 ஜூலை 6 நள்ளிரவை ஒட்டி ஒரு பகுதி கிரகணம், பத்தில் நான்கு பங்கு மறையும். ஜூலை மேகத்தை நம்பி யாரையும் கூப்பிட வேண்டாம், நீங்கள் மட்டும் மாடிக்குப் போய் எட்டிப் பாருங்கள். பெரியது டிசம்பர் 31. முழு கிரகணம் இரவு 9.46 முதல் 10.58 வரை, உச்சம் 10.22-க்கு, அப்போது நிலா 60 டிகிரிக்கு மேலே இருக்கும், ஆகவே மாடிதான். கருநிழல் முழுக்க விலகும்போது நள்ளிரவு தாண்டிப் புத்தாண்டே பிறந்திருக்கும். அன்றைக்குக் கடற்கரைச் சாலை எப்படி இருக்கும் என்று சென்னைவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் அடுக்ககத்தில் புத்தாண்டுக் கொண்டாட்டத்துக்கு மாடியைக் கேட்டு வருபவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு முன்னால் செயலாளரிடம் பேசி, விளக்குத் தோரணமும் ஸ்பீக்கரும் பதினொரு மணிக்கு மேல்தான் என்று ஒப்புக்கொள்ள வைத்துவிடுங்கள்.