இங்கிலாந்துக் கிராமச் சாலைகளில் உறவு வீடு தேடி: பல பருவங்கள் ஓட்டிப் பார்த்தபின்

லண்டனிலிருந்து உறவினர் வீட்டுக்குக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் மோட்டார்வேயில் ஏறி, ஒரே மூச்சில் போய்ச் சேர்ந்து, சாப்பிட்டுவிட்டு இரவோடு இரவாகத் திரும்பிவிடுகிறார்கள். அதே உறவுகளையும் நண்பர்களையும் ஐந்தாறு நாள் எடுத்துக்கொண்டு, ஏ, பி எண் போட்ட சாலைகளில் (ஏ முக்கியச் சாலை, பி அதைவிடச் சிறியது) ஊர் ஊராகப் போய்ப் பார்ப்பது முற்றிலும் வேறு பயணம். கோடையிலும் குளிரிலும் அப்படி ஓட்டிப் பார்த்ததில் உறுதியாகச் சொல்லலாம்: மைல் கணக்கில் போடும் திட்டம் முதல் நாள் மதியமே குலைந்துவிடும், மணிக்கணக்கில் போட்டதுதான் தாக்குப்பிடிக்கும். ஒரு நாளைக்கு ஒரு வீடு. ஸ்டியரிங் பிடிப்பது மூன்று மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

வேக வரம்புப் பலகையை நம்பிக் கணக்குப் போடுவதுதான் முதல் தவறு. இருவழிச் சாலையில் சட்டப்படி மணிக்கு 60 மைல் போகலாம். ஆனால் நல்ல ஏ சாலையில் சராசரியாகக் கைக்கு வருவது 35 மைல்தான். பி சாலையில் 30, வேலிகளுக்கு நடுவே போகும் ஒற்றைத் தடத்தில் 15 முதல் 20. இரண்டு மூன்று மைலுக்கு ஒரு கிராமம் வரும், அங்கே 30 அல்லது 20. நடுவில் டிராக்டர், குதிரை, சைக்கிள் கூட்டம். ஆகவே 90 மைல் என்று வரைபடம் காட்டினால் மூன்று மணி நேரம் என்று எழுதிக்கொள்ளுங்கள். வெள்ளை வட்டத்தில் கறுப்புச் சாய்கோடு போட்ட பலகையை "வரம்பு முடிந்தது" என்று புதிதாக வருகிறவர்கள் படித்துவிடுகிறார்கள். அது தேசிய வரம்பு தொடங்குகிறது என்பதற்கான குறி. ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய சந்தின் முகப்பிலும் அதே பலகை நிற்கும். அங்கே 60இல் போகலாம் என்று யாரும் நினைப்பதில்லை.

முதல்முறை போகிறவர்களுக்கு நாங்கள் சொல்வது ஏ429. பாத், பிரிஸ்டல் பக்கம் ஒரு வீடு, வாரிக், கவன்ட்ரி பக்கம் இன்னொரு வீடு என்று இருப்பவர்களுக்கு அமைந்தாற்போல் இருக்கிற சாலை. எம்4 மோட்டார்வேயின் 17ஆம் சந்திப்பில் இறங்கினால் மாம்ஸ்பரி, சைரன்செஸ்டர், நார்த்லீச், ஸ்டோ-ஆன்-த-வோல்ட், மோர்டன்-இன்-மார்ஷ் என்று காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுகளின் முதுகில் ஏறி இறங்கி வாரிக் அருகே எம்40இல் சேர்க்கும். சுமார் 60 மைல். சைரன்செஸ்டருக்கு வடக்கே இது ரோமானியர் எக்ஸிட்டரிலிருந்து லிங்கன் வரை போட்ட ஃபாஸ் வேயின் தடத்திலேயே போகிறது, அதனால்தான் அவ்வளவு நேர். மோர்டனுக்கு வடக்கே ஏ429 வாரிக் பக்கம் வளைந்துவிட, பழைய தடம் பி4455 என்ற எண்ணில் வடகிழக்கே நீள்கிறது. லெஸ்டர் பக்கம் வீடு இருப்பவர்கள் அதைப் பிடிக்கலாம். நேர் சாலை என்று அங்கே முந்தப் போகாதீர்கள். மேடும் பள்ளமுமாக இருப்பதால் எதிரே வரும் கார் பள்ளத்தில் மறைந்துவிடும். சாலை காலியாக இருப்பதுபோலவே தோன்றும்.

இந்தத் தடத்தில் எங்கே நிற்பது என்பதில் எங்கள் கருத்து கொஞ்சம் பிடிவாதமானது. போர்ட்டன்-ஆன்-த-வாட்டரும் பைபரியும் கோடை வார இறுதியில் வண்டி நிறுத்தவே இடம் கொடுக்காது. சுற்றுலாப் பேருந்துக் கூட்டத்தில் அரை நாள் போகும். போயே ஆக வேண்டுமென்றால் காலை ஒன்பதுக்குள் போய்ப் பத்தரைக்குள் கிளம்பிவிடுங்கள். அதைவிட நார்த்லீச் நல்லது: கம்பளி வணிகர்களின் காசில் எழுந்த 15ஆம் நூற்றாண்டுத் தேவாலயம், அதன் தரையில் அந்த வணிகர்களின் பித்தளை நினைவுத் தகடுகள், வெளியே அமைதியான சந்தைத் திடல். அருகில் செட்வர்த்தில் 1864இல் கண்டெடுத்த ரோமானிய மாளிகை, மொசைக் தரைகளோடு. அது பழம்பெரும் இடங்களைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை வசம் இருக்கிறது. உறுப்பினர் அட்டை இருந்தால் டிரஸ்ட் இடங்களில் நுழைவும் நிறுத்தமும் இலவசம், நாலைந்து இடம் பார்க்கும் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும். ஸ்டோவின் சிக்னல்களில் சனி மதியம் நீண்ட வரிசை நிற்கும். மோர்டனில் செவ்வாய்க்கிழமை சந்தை, அன்று அகன்ற கடைத்தெருவில் வண்டி நகராது. ஆனால் மோர்டனில் ரயில் நிலையம் உண்டு, லண்டன் பாடிங்டனிலிருந்து நேர் ரயில். காரில் நெடுநேரம் உட்கார முடியாத பெரியவர்களை ரயிலில் வரச்சொல்லி இங்கே ஏற்றிக்கொள்ளலாம்.

செட்வர்த்துக்குப் போகும் கடைசி மைல்கள் ஒற்றைத் தடம். அதில் ஓட்டத் தெரிந்தால் இங்கிலாந்தில் எந்தச் சந்திலும் ஓட்டலாம். ஒதுங்கும் இடம் உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதற்குள் போய் நில்லுங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்குள் பாயாதீர்கள், அதற்கு எதிரே உங்கள் பக்கத்திலேயே நின்றால் வருகிற வண்டி அதில் புகுந்து போகும். மேடேறி வருபவருக்கு முடிந்தவரை வழி விடுவது முறை. யாருக்கு ஒதுங்கும் இடம் பக்கமோ அவர் ரிவர்ஸ் எடுப்பார். டிராக்டரோ டிரெய்லர் கட்டிய வண்டியோ என்றால் யோசிக்காமல் நீங்களே எடுங்கள். ரிவர்ஸில் ஓட்டுநர் பக்கமான வலது வேலியை ஒட்டிப் போங்கள், கண்ணுக்குத் தெரிகிற பக்கத்தில் இடைவெளியை அளக்கலாம். ஆகவே அடுத்த வளைவை எதிர்பார்த்தால் மட்டும் போதாது. கடந்துவந்த ஒதுங்குமிடம் எத்தனை கார் தூரத்தில் இருக்கிறது என்பதும் மனத்தில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஹெட்லைட் விஷயத்தில் நம் ஊர்ப் பழக்கம் நேர்மாறானது. அங்கே விளக்கை அடித்தால் "நான் வருகிறேன், விலகு". இங்கே எதிர்வண்டி அடித்தால் நடைமுறையில் "நீ வா, நான் நிற்கிறேன்". சாலை விதிப் புத்தகம் அதை அனுமதியாகக் கொள்ளச் சொல்லவில்லை, ஆகவே அவர் உண்மையிலேயே நிற்கிறாரா என்று பார்த்தே நகருங்கள். நகர்ந்ததும் கையை உயர்த்தி நன்றி சொல்ல வேண்டும். ஹாரன் அடிப்பதைத் திட்டுவதாகவே எடுத்துக்கொள்வார்கள். குதிரையைக் கடக்கும்போது வேகம் மணிக்கு 10 மைலுக்கு மேல் கூடாது, குறைந்தது 2 மீட்டர் இடைவெளி வேண்டும்.

டெவன், கார்ன்வால் பக்கம் நண்பர்கள் இருந்தால் ஒரு எச்சரிக்கை. அங்கே சந்துகளின் இருபுறமும் ஆள் உயரத்துக்கு மேல் பசுமையான வேலி. புல்லும் பூவும் படர்ந்து மெத்தைபோல் தெரியும். உள்ளே இருப்பது மண்ணும் கல்லும். "செடிதானே" என்று உரசினால் இடது கதவும், அதைவிட முக்கியமாக டயரின் பக்கச் சுவரும் கிழியும். இப்போது பல புதுக் கார்களில் ஸ்டெப்னி கிடையாது. டிக்கியில் பஞ்சர் அடைக்கும் திரவமும் சின்னக் காற்றுப் பம்பும்தான் இருக்கும். ஆணி குத்திய ஓட்டைக்கு அது போதும், பக்கச் சுவர் கிழிந்தால் உதவாது. கிளம்புமுன் டிக்கித் தரையைத் தூக்கிப் பாருங்கள். ஸ்டெப்னி இல்லையென்றால், பழுதுபட்ட இடத்துக்கே வந்து உதவும் சந்தா இல்லாமல் சந்துகளுக்குள் இறங்க வேண்டாம்.

வண்டியைப் பொறுத்தவரை சின்னதே நல்லது. நான்கு மீட்டர் நீள ஹாட்ச்பேக் எல்லா இடத்திலும் போகும். உறவினர் கூட்டத்துக்காக ஏழு இருக்கை வண்டி எடுப்பவர்கள் சந்துகளில் மட்டுமல்ல, பழைய ஊர்களின் நிறுத்துமிடங்களிலும் திண்டாடுவார்கள். இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு சுற்றிப்பார்க்க வருபவர்கள் 12 மாதம் வரை ஓட்டலாம். வாடகைக் காரின் அடிப்படைக் காப்பில் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் பெரும்பாலும் சேராது. அங்கே கவுன்டரில் விற்கும் கூடுதல் காப்பைவிட, சேதம் வந்தால் நீங்கள் கைவிட்டுக் கட்ட வேண்டிய சுயபொறுப்புத் தொகைக்கு முன்கூட்டியே தனியாக வாங்கும் காப்பு மலிவு. "என் காரையே எடுத்துக்கோ, தம்பி" என்று மாமா சாவியை நீட்டும்போது மறுப்பது கஷ்டம்தான். ஆனால் அவருடைய காப்பீட்டில் உங்கள் பெயர் இருக்காது. நாள் கணக்கில் கிடைக்கும் தற்காலிகக் காப்பீட்டை உங்கள் பெயரில் எடுத்த பிறகே சாவியைத் தொடுங்கள். காப்பீடு இல்லாமல் பிடிபட்டால் 300 பவுண்டு அபராதம், உரிமத்தில் ஆறு புள்ளி, வண்டியையும் எடுத்துப் போகலாம். 12 வயதோ 135 சென்டிமீட்டர் உயரமோ, எது முதலில் வருகிறதோ அதுவரை பிள்ளைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம். மடியில் வைத்துக்கொள்ளும் பேச்சே கிடையாது.

பெட்ரோல் கைப்பிடி பச்சை, டீசல் கறுப்பு. டீசல் காரில் பெட்ரோல் குழாய் சுலபமாக நுழைந்துவிடும் என்பதால் வாடகை வண்டியில் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. போட்டுவிட்டால் எஞ்சினைக் கிளப்பாதீர்கள், சாவியைக்கூடத் திருப்பாமல் உதவியை அழையுங்கள். கிளப்பினால்தான் செலவு பெருகும். மோட்டார்வே பெட்ரோல் பங்க்குகளில் விலை அதிகம், சூப்பர் மார்க்கெட் பங்க்குகளில் குறைவு. கிராமத்துப் பங்க்குகள் மாலையில் மூடிவிடும், ஆகவே டாங்க் காலுக்கு இறங்குமுன் நிரப்பிவிடுங்கள். மின்சாரக் காருக்கு இந்த நிதானப் பயணம் நன்றாகவே ஒத்துவருகிறது. வீட்டு மூன்று முனைச் சாக்கெட்டில் ஒரு மணி நேரத்துக்கு எட்டு மைல் ஓடும் அளவுக்குத்தான் சார்ஜ் ஏறும் என்றாலும், இரவு பத்து மணி நேரத்தில் அடுத்த நாள் ஓட்டத்துக்கு வேண்டியதில் பெரும்பங்கு வந்துவிடும். சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டக் கூடாது, சூடேறி உருகும். வீட்டுக்காரரிடம் முன்பே கேட்டு, மின்கட்டணத்தையும் கொடுத்துவிடுவது மரியாதை.

லண்டனைத் தொடும் நாளில் கட்டணங்களைக் கவனியுங்கள். பழைய வண்டியென்றால் புகைக் கட்டணம் 12.50 பவுண்டு, 2023 ஆகஸ்ட் முதல் லண்டனின் எல்லா பரோக்களிலும் (உள்ளாட்சிப் பகுதிகளிலும்). தேம்ஸ் நதியைக் கடக்கும் டார்ட்ஃபோர்ட் பாலத்தில் சுங்கச்சாவடியே இல்லை, கட்டணத்தை மறுநாள் நள்ளிரவுக்குள் இணையத்தில் கட்ட வேண்டும். மறப்பவர்கள் ஏராளம். ஷ்ராப்ஷர், ஹெரஃபர்ட்ஷர் பக்கம் போனால் தெரியாமலே வேல்ஸுக்குள் நுழைந்துவிடுவீர்கள். அங்கே 2023 செப்டம்பரிலிருந்து குடியிருப்புச் சாலைகளில் 30க்குப் பதில் 20.

வீட்டைக் கண்டுபிடிப்பது தனி வேலை. நகரத்தில் போஸ்ட்கோடு வாசலில் கொண்டுபோய் விடும். கிராமத்தில் ஒரே போஸ்ட்கோடு ஒரு மைல் நீளத்துக்குப் பரவிய பண்ணை வீடுகளைக் குறிக்கலாம். போனின் வழிகாட்டிச் செயலி நடுச் சந்தில் "வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்று சொல்லி அடங்கிவிடும். பல வீடுகளுக்கு எண்ணே இல்லை, பெயர்தான். அதோடு பள்ளத்தாக்குகளில் போன் சிக்னலும் போய்விடும். ஆகவே முதல் நாளே வீட்டுக்காரரிடம் மூன்று கேளுங்கள்: வாட்ஸாப்பில் இடக்குறி, கடைசி ஒரு மைலுக்கு வாய்மொழி வழி, வண்டியை எங்கே நிறுத்துவது. வரைபடத்தைப் போனில் இறக்கி வையுங்கள். வழிகாட்டி இரண்டு நிமிடம் மிச்சம் பிடிக்கச் சந்துக்குள் திருப்பிவிடும். ஏ சாலையில் உள்ள அடுத்த ஊரை இடைநிறுத்தமாகப் போட்டால் அது நடக்காது. நிறுத்துமிடங்களில் பணம் கட்டும் செயலி மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும், சிக்னல் இல்லாத ஊரில் சில்லறைதான் காப்பாற்றும். பத்துப் பவுண்டுக்கு நாணயமாக வைத்திருங்கள்.

இனி விருந்து. ஆங்கில நண்பர் வீட்டில் மதியம் ஒன்றுக்கு என்றால் ஒன்று ஐந்துக்கு மணி அடிப்பது சரி. பன்னிரண்டரைக்குப் போய் நிற்பது அவர்களுக்குச் சங்கடம். தாமதமானால் அரை மணிக்கு முன்பே செய்தி அனுப்புங்கள். தமிழ் வீடுகளில் நேரம் நெகிழும், அளவு நெகிழாது. அக்கா கையால் மூன்று முறை பரிமாறியபின் சாலையில் கண் சொருகும், ஆகவே சாப்பாட்டுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே இரண்டு மணி நேரம் விடுங்கள். இதனால்தான் ஒரு நாளைக்கு இரண்டு வீடு என்பது நடக்காது. இரண்டாவது வீட்டில் சாப்பிட முடியாமல் மனக்கசப்பும் சேரும். சின்ன ஊர்களில் இருப்பவர்களுக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாமிலோ டூட்டிங்கிலோ வாங்கிய முருங்கைக்காய், கறிவேப்பிலை, சின்ன வெங்காயம் எந்தச் சாக்லேட் பெட்டியையும்விடப் பெரிய பரிசு. தோசை மாவு கொண்டுபோனால் பாத்திரத்தில் பாதிதான் ஊற்ற வேண்டும். வெயிலில் டிக்கிக்குள் பொங்கி வழிந்தால் வாடகைக் காரில் அந்த வாடை போகாது, சுத்தம் செய்யும் கட்டணமும் வரும்.

வழியில் பப்பில் சாப்பிட நினைத்தால் சமையலறை பல இடங்களில் மதியம் இரண்டு, இரண்டரைக்கு மூடிவிடும், மாலை ஆறுக்குத்தான் திறக்கும். மூன்று மணிக்குப் பசியோடு போய்க் சிப்ஸ் பாக்கெட் வாங்கித் திரும்புவது வழக்கமான ஏமாற்றம். ஞாயிறு மதிய ரோஸ்ட்டுக்கு (அடுப்பில் வாட்டிய இறைச்சிச் சாப்பாடு) முன்பதிவு தேவை. ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் ஆறு மணி நேரம்தான் திறக்கலாம் என்பது 1994ஆம் ஆண்டுச் சட்டம். மாலை நாலரைக்குப் பால் வாங்க ஓடினால் கதவு மூடியிருக்கலாம்.

மாதங்களில் நல்லது ஜூன், பிறகு செப்டம்பர். ஜூனில் ஒன்பது மணிக்குக்கூட வெளிச்சம் இருக்கும், டிசம்பரில் நான்கு மணியளவிலேயே சூரியன் மறைந்துவிடும். ஜூலைக் கடைசியில் பள்ளி விடுமுறை தொடங்கினால் ஏ303இல் ஸ்டோன்ஹெஞ்ச் அருகே திசைக்கு இரண்டு தடம் ஒரு தடமாகக் குறுகும் இடத்தில் வெள்ளி மாலை வண்டிகள் ஊரும். மே கடைசி வாரமும் விடுமுறைதான், அதை விட்டுவிடுங்கள். அறுவடைக் காலத்தில் டிராக்டர் கொட்டிய சேறு மழையில் வழுக்கும். இலையுதிர் காலத்து அந்தியில் மான் குறுக்கே பாயும், ஒன்று போனால் அடுத்தது வரும் என்று காத்திருங்கள்.

வாடகை வண்டியைத் திருப்பித் தருமுன் ஒரு முறை கழுவுங்கள். வேலி விட்ட பச்சைக் கோடுகளில் பாதி அழுக்குதான், துடைத்தால் போய்விடும். மிச்சமிருப்பது கீறல். நான்கு பக்கமும், நான்கு சக்கரங்களும், எரிபொருள் முள்ளும், மைல் எண்ணும் தேதியோடு படமெடுத்து, அபராதக் கடிதங்கள் வாரங்கள் கழித்தும் வரக்கூடும் என்பதால் மூன்று மாதமாவது அழிக்காமல் வைத்திருங்கள்.