கணப்புத் தளத்துக்கு ரஸ்டன்பர்க் கல்: ஒரு குளிர்காலப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வாழ்பவர்களுக்குக் கணப்பு பெரும்பாலும் அலங்காரந்தான். ஆனால் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து மேடேறி ஹில்டன், ஹோவிக், நாட்டிங்ஹம் ரோடு என்று மிட்லண்ட்ஸ் பக்கம் குடியேறிய நம்மவர்களுக்கு, ஜூன், ஜூலை மாதங்களில் புல்மேல் உறைபனி படியும் இரவுகளில், அது அடுப்பைப் போலவே அன்றாடத் தேவை. கணப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் புகைபோக்கியைப் பற்றியும் விறகைப் பற்றியும் நிறையப் பேசுகிறார்கள். தீக்கு முன்னால் தரையில் பதிக்கிற கல்லை மட்டும் பெரும்பாலும் நிறத்தை வைத்தே தேர்ந்துவிடுகிறார்கள். எங்கள் ஹோவிக் வீட்டின் திறந்த கணப்புக்கு ரஸ்டன்பர்க் கல்லைப் பதித்து ஒரு குளிர்காலம் முழுவதும் பயன்படுத்தியாகிவிட்டது. அந்தக் கல்லையும், அதோடு போட்டியிட்ட மற்றக் கற்களையும், வெட்டிக் கொடுத்த பட்டறையின் வேலையையும் இங்கே மதிப்பிடுகிறேன்.

ரஸ்டன்பர்க், பிரிட்ஸ் நகரங்களை ஒட்டிய பகுதியில் வெட்டியெடுக்கப்படும் இந்தக் கல், 200 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியிலிருந்து எழுந்த கற்குழம்பு மெல்ல மெல்ல ஆறி இறுகியதால் உண்டான புஷ்வெல்ட் பாறைத்தொகுதியைச் சேர்ந்தது. நாட்டின் பிளாட்டினமும் குரோமியத் தாதுவும் கிடைப்பது இதே தொகுதியில்தான். கடைகளில் கிரானைட் என்று விற்றாலும் பாறையியலார் இதை நோரைட், காப்ரோ வகையில் சேர்ப்பார்கள். கணப்புக்கு இது பொருந்துவதற்குக் காரணமும் அதிலேயே இருக்கிறது. உண்மையான கிரானைட்டில் குவார்ட்ஸ் மிகுதி. சூடேறும்போது அது பக்கத்திலுள்ள தாதுக்களைவிட அதிகமாக விரிவதோடு, 573 பாகை செல்சியஸில் அதன் படிக அமைப்பே மாறிச் சட்டென்று உப்பவும் செய்கிறது. தளக்கல் முழுவதும் அவ்வளவு சூடாவதில்லை என்பது உண்மைதான். ஆனால் செந்தணலாக இருக்கும் ஒரு கங்கு உருண்டு வந்து கல்மேல் கிடந்தால், அது கிடக்கும் இடத்தில் மட்டும் சூடு மிக உயர்ந்து, சுற்றிலும் உள்ள கல் குளிர்ந்தே இருக்கும்; அந்த வேறுபாட்டில்தான் மேற்பரப்பு சில்லாகப் பெயர்கிறது. குவார்ட்ஸ் மிகக் குறைவாக உள்ள ரஸ்டன்பர்க் கல் இதைத் தாங்குகிறது. சரியாகக் காயாத வாட்டில் மரத்து விறகு வெடித்துத் தெறித்த கங்குகள் பலமுறை இந்தக் கல்மேல் விழுந்திருக்கின்றன. துடைத்தபின் பார்த்தால் மங்கலான ஒரு கறை இருந்தது. சோப்பு நீரில் அதுவும் போய்விட்டது. விரலால் தடவிப் பார்த்தபோது குழியோ சொரசொரப்போ தட்டுப்படவில்லை.

கல்லின் வகையைப் போலவே முக்கியமானது மேற்பரப்பின் முடிப்பு. கண்ணாடிபோல் பாலிஷ் செய்த கல்லில் தீயின் ஒளி பிரதிபலிப்பது அழகுதான். ஆனால் ஒவ்வொரு சாம்பல் துகளும், இரும்புக் கிடுக்கி உரசிய ஒவ்வொரு கோடும் அதில் தெரியும். நான் வாங்கியது பளபளப்பில்லாமல் மட்டமாகத் தேய்த்த கல். இதிலும் ஒரு குறை உண்டு: கருமையான கல்லை இப்படித் தேய்த்தால் எண்ணெய்க் கைபட்ட இடம் திட்டாகத் தெரியும். கல்லுக்குள் ஊடுருவிச் செல்லும் வகைச் சீலரை (கறை இறங்காமல் காக்கும் திரவம்) இரண்டு பூச்சு கொடுத்தபின் அது பெருமளவு குறைந்தது. மேலே ஏடுபோல் படியும் சீலர்களைக் கணப்பருகில் பயன்படுத்தவே கூடாது. சூட்டில் மஞ்சளித்து உரியும். நெருப்பால் பொசுக்கிச் சொரசொரப்பாக்கிய முடிப்பும் கிடைக்கிறது, ஆனால் அதன் நுண்குழிகளில் சாம்பல் அடைந்துகொள்ளும் என்பதால் உள்வீட்டுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

மாதிரித் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து சோதித்ததுதான் முடிவெடுக்க உதவியது. ஒவ்வொரு துண்டின்மேலும் ஒரு துளி நல்லெண்ணெயும் ஒரு துளி எலுமிச்சைச் சாறும் விட்டு இரவு முழுவதும் வைத்திருந்தோம். ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்து மணற்கல்லில் எண்ணெய் உள்ளிறங்கி, காலையில் ஐந்து ரூபாய்க் காசளவு கரும்பழுப்பு வட்டமாக நின்றது. கணப்பு மேடையில் வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் வீட்டுக்கு அது ஆகாது. வெள்ளைச் சலவைக்கல்லில் எலுமிச்சைச் சாறு பட்ட இடம் அரித்து மங்கிவிட்டது. ரஸ்டன்பர்க் துண்டில் இரண்டையும் துடைத்தெடுக்க முடிந்தது. கறுப்புக் கல் வாங்குவோர் இன்னொன்றும் செய்யவேண்டும்: வெள்ளைத் துணியில் அசிட்டோன் நனைத்து அழுத்தித் துடைக்க வேண்டும். சாம்பல் நிறக் கல்லுக்கு எண்ணெயோ சாயமோ ஏற்றிக் கறுப்புக் கல்லாக விற்பது உலகெங்கும் உள்ள வழக்கம். துணி கறுத்தால் அந்தக் கல்லை அங்கேயே விட்டுவிடுங்கள், ஏனென்றால் தீயின் சூட்டில் அந்தச் சாயம் முதல் குளிர்காலத்திலேயே திட்டுத்திட்டாக வெளுக்கும்.

மற்றக் கற்களில் ரஸ்டன்பர்க்குக்கு அடுத்த இடத்தை வடமேற்கு மாகாணத்து மசிஸ்டா ஸ்லேட்டுக்குக் கொடுப்பேன். பழுப்பும் பச்சையும் துருச்சிவப்பும் கலந்த அதன் நிறத்துக்கு நிகர் இல்லை, சூட்டையும் நன்றாகவே தாங்கும். ஆனால் அது ஏடு ஏடாகப் பிரியும் கல். விறகுக் கட்டையைச் சற்று அலட்சியமாகப் போட்டால் விளிம்பு செதிலாகப் பெயரும், பைரைட் என்னும் இரும்புத் தாதுத் துகள் உள்ள இடத்தில் துருக்கறையும் எழும். மூடிய இரும்பு அடுப்பின் அடியில், விறகு மோதாத இடத்தில் பதிப்பதற்கு அது மிக நல்ல தேர்வு. மணற்கல்லைப் பற்றி எனக்கு மனக்குறை உண்டு. ஃப்ரீ ஸ்டேட்டின் கோல்டன் கேட் மலைச்சரிவுகளில் மாலை வெயிலில் பொன்னாக ஒளிரும் அந்தக் கல்லை வீட்டுக்குள் கொண்டுவர யாருக்குத்தான் ஆசை வராது? கணப்பின் மேற்சுவருக்கும் பக்கத் தூண்களுக்கும் அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்; காலடியில், கரியும் சாம்பலும் புழங்கும் இடத்தில் வேண்டாம். சலவைக்கல் சுண்ணாம்புத் தாதுவால் ஆனது. சூடேறும்போது அதன் படிகங்கள் ஒரு திசையில் விரிந்து மறுதிசையில் சற்றுச் சுருங்குவதால், பல குளிர்காலங்களில் உள்ளே தளர்ந்துபோகும். ஜிம்பாப்வேயின் முட்டோக்கோவில் வெட்டப்படும் கறுப்புக் கல், குணத்தில் ரஸ்டன்பர்க்கின் நெருங்கிய உறவினர். இன்னும் கருமையானது, விலையும் கூடுதல்.

சமையலறை மேடைக்கு இப்போது பரவலாக விற்கப்படும் செயற்கைக் குவார்ட்ஸ் பலகையைக் கணப்புக்கு எவரும் பரிந்துரைத்தால் மறுத்துவிடுங்கள். குவார்ட்ஸ் தூளை ரெசின் பிசினால் கட்டிய பொருள் அது. கல் தாங்கினாலும் பிசின் தாங்காது, நிறம் மாறும், விரிசல் விடும். அதை அறுக்கும்போது எழும் நுண்தூசியால் தொழிலாளர்களுக்கு நுரையீரல் நோய் வருவதைக் கண்டு ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் அதைத் தடையே செய்துவிட்டது. ஆற்றங்கரையில் பொறுக்கிய உருளைக்கற்களும் கூடாது. எங்கள் பக்கத்து உம்கேனி ஆற்றில் கிடைப்பவற்றில் பல, கற்குழம்பு இறுகி உண்டான டோலரைட் என்னும் கருநிறப் பாறை. ஹோவிக் அருவி விழுகிற பாறையும் அதுதான். வெட்டிக் காயவைத்த டோலரைட் உறுதியான கல். ஆற்றிலேயே கிடந்த உருளையின் நுண்ணிடுக்குகளிலோ நீர் தங்கியிருக்கும். தீயருகே அது ஆவியாகி வெளிவர வழியில்லாமல் கல்லை வெடிக்கச் செய்யும்.

பதிக்கும் முறையில் கவனிக்க வேண்டியவை சில. தீ நேரடியாக எரியும் உட்பகுதியில் எந்தக் கல்லையும் போடக்கூடாது, அங்கே தீச்செங்கல்தான். தளக்கல் அதற்கு முன்னால் வருவது. முன்புறம் அரை மீட்டருக்குக் குறையாமலும் இருபுறமும் ஒரு சாண் அளவேனும் நீண்டிருக்க வேண்டும். 20 மில்லிமீட்டர் கனம் மலிவு என்பார்கள். 30 மில்லிமீட்டரையே கேளுங்கள். நீளமான ஒரே பலகையாகப் போட எல்லோருக்கும் ஆசை, எனக்கும் இருந்தது. ஆனால் 1.5 மீட்டர் நீளக் கல் நூறு பாகை சூடேறினால் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளும். கண்ணுக்குத் தெரியாத அந்த நீட்சிக்கு இடம் இல்லாவிட்டால் கல் தானாகவே இடத்தை உண்டாக்கிக்கொள்ளும், பெரும்பாலும் நடுவில் குறுக்கே. எனவே மூன்று துண்டுகளாக வெட்டி, இடையில் சூடு தாங்கும் சிலிக்கோன் நிரப்பினோம். தீச்செங்கல்லை ஒட்டிய விளிம்பில் சிறு இடைவெளி விட்டு, பீங்கான் இழைக் கயிற்றைத் திணித்தோம். அடியில் சிமெண்ட் சாந்து முழுப்பரப்பிலும் படிந்திருக்க வேண்டும். ஐந்து இடத்தில் உருண்டை வைத்துக் கல்லை அமுக்கிவிடும் அவசர வேலையில் அடியில் வெற்றிடம் நின்று, விறகு விழும் அதிர்ச்சியிலேயே கல் உடையும். சாந்து நன்றாகக் காயும்வரை தீ மூட்டாமல், பிறகு முதல் சில நாட்கள் சுள்ளி அளவில் மட்டும் எரிப்பது நல்லது.

இனி, பட்டறை. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள அதன் பெயரை இங்கே தரவில்லை. நல்லதும் குறையும் கலந்த அனுபவம். வெட்டும் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அறுக்கும்போது நீரைப் பாய்ச்சித் தூசியை அடக்கினார்கள், விளிம்புகளை ஒரே சீராக மழுக்கினார்கள், மூன்று துண்டுகளும் ஒரே பலகையிலிருந்து வந்ததால் புள்ளியோட்டம் தொடர்ந்து ஓடியது. அங்கிருந்த மூத்த கல்வெட்டுநர் ஒவ்வொரு துண்டையும் சிறு சுத்தியலால் தட்டி ஒலி கேட்டபிறகே வண்டியில் ஏற்றினார். மணிபோல் ஒலித்தால் உள்விரிசல் இல்லை, மங்கி ஒலித்தால் உண்டு. நம் சிற்பிகள் சிலைக்குக் கல் தேர்வதும் இதே முறையில்தான் என்று சொன்னபோது அவருக்கு மிகுந்த மகிழ்ச்சி. முன்மேசையில் இருந்தவர்களின் ஆலோசனைதான் மோசம். கணப்புக்கு என்று தெளிவாகச் சொன்ன பிறகும் செயற்கைக் குவார்ட்ஸையே முதலில் காட்டினார்கள்; 30 மில்லிமீட்டர் கேட்டதற்கு, விளிம்பில் மட்டும் இன்னொரு பட்டையை ஒட்டிக் கனமாகக் காட்டலாம் என்றார்கள். ஒட்டுப்பசை சூட்டில் இளகும் என்பது அவர்களுக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. சொன்ன நாளில் கல் வந்து சேரவும் இல்லை.

விலையைப் பொறுத்தவரை ஒரு வழி உண்டு. சமையலறை மேடைகளுக்கு வெட்டியபின் மிஞ்சும் துண்டுகள் பட்டறையின் பின்புறம் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். முழுப் பலகையின் விலையோடு ஒப்பிட்டால் அவை மிக மலிவு, மூன்று துண்டுகளாகப் பதிக்கும் தளத்துக்குத் தாராளமாகப் போதும். முன்மேசையில் இருப்பவர்கள் இதைத் தாங்களாகச் சொல்லமாட்டார்கள், கேட்டால் காட்டுவார்கள். வாங்கும்போது உங்கள் கல்லிலிருந்தே ஒரு கையகலத் துண்டையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். சீலரையோ புதிய துப்புரவுத் திரவத்தையோ தளத்தில் பூசுவதற்கு முன் அதில் பூசிப் பார்க்கலாம்.