கனடாவின் 5 லட்சமும் ஆஸ்திரேலியாவின் 1.85 லட்சமும்

2022 நவம்பரில் கனடா தன் குடியேற்ற இலக்கை அறிவித்தது. 2025-இல் 5 லட்சம் பேருக்கு நிரந்தர வசிப்புரிமை. அப்போது நான் திருச்சியில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் பொறியாளர். அந்த வாரமே அலுவலகத்தில் பலர் பட்டச் சான்றிதழைத் தேடி பீரோவைத் திறந்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் எண் அந்த நிதியாண்டில் 1.95 லட்சம். அதை யாரும் பேசவே இல்லை. நான் அந்தச் சிறிய எண்ணின் பக்கம் போனேன். இப்போது அடிலெய்டில் இருக்கிறேன். என் சித்தி மகன் மாணவர் விசாவில் கனடா போய் பிராம்ப்டனில் இருக்கிறான். எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷம் வந்தாலும் "எது நல்லது?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

குளிர், சம்பளம், ஊருக்கு வரும் விமானக் கட்டணம் எல்லாம் தெரிந்த கதை. வாடகையும் அப்படித்தான், இரு நாட்டிலும் ஒரே அழுகை. வந்த புதிதில் ஒரு சனிக்கிழமை இரண்டு படுக்கையறை வீடு ஒன்றைப் பார்க்கப் போனேன். பதினைந்து நிமிடம்தான் கதவு திறந்திருக்கும். வாசலிலிருந்து தெருமுனை வரை வரிசை. சம்பளச் சீட்டும் பழைய வீட்டுக்காரர் கொடுத்த கடிதமும் அடங்கிய கோப்பு எல்லார் கையிலும் இருந்தது. எனக்கு முன்னால் கைக்குழந்தையோடு நின்ற பெண் அந்த ஊரிலேயே பிறந்தவர். "ஆட்களைக் குறையுங்கள்" என்று இங்கே கேட்பவர்கள் எல்லோரையும் இனவெறியர் என்று ஒதுக்க அதன் பிறகு எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் இரு நாடுகளிலும் சண்டை நடப்பது ஒரே எண்ணை வைத்து அல்ல. ஆஸ்திரேலியாவில் நிரந்தர இடங்கள் 2024–25, 2025–26 ஆண்டுகளில் 1.85 லட்சம். தொலைக்காட்சி விவாதத்தில் கேட்பதோ வந்தவர்களில் போனவர்களைக் கழித்த நிகரக் கணக்கு. மாணவர்களும் தற்காலிக வேலைக்காரர்களும் அதில் சேர்த்தி. 2022–23-இல் அது 5 லட்சத்தைத் தாண்டியது. கொரோனாவில் மூடிய கதவு திறந்ததும் மாணவர்கள் மொத்தமாக வந்ததன் விளைவு அது. நிரந்தர இடங்களை 1.40 லட்சமாகக் குறைப்பேன் என்று அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் பீட்டர் டட்டன் வாக்குறுதி கொடுத்தார். 2025 மே தேர்தலில் தன் தொகுதியையே இழந்தார். கனடாவில் கதை வேறு. கருத்துக்கணிப்பில் குடியேற்றம் அதிகம் என்று சொன்னவர்கள் 2022-இல் 27 சதவீதம், 2024-இல் 58 சதவீதம். இரண்டே ஆண்டில் காற்று திசை மாறியது. 2024 அக்டோபரில் ட்ரூடோ அரசு 2025-க்கான 5 லட்சத்தை 3.95 லட்சமாக வெட்டியது. அடுத்த ஆண்டுகளுக்கு இன்னும் குறைவு.

மக்கள்தொகையோடு வைத்துப் பார்த்தால் இன்றும் கனடாவே தாராளம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அப்படியிருந்தும் நான் ஏன் ஆஸ்திரேலியா பக்கம்? காரணம் ஒன்றுதான். எண் குறையும்போது வரிசையில் நிற்பவனுக்கு என்ன ஆகிறது என்பது.

கனடாவில் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்று ஒரு முறை. விண்ணப்பிப்பவர்களுக்குப் புள்ளி கொடுத்து, அதிகப் புள்ளி எடுத்தவர்களை நிரந்தர வசிப்புரிமைக்கு அழைப்பார்கள். வயதுக்கு 29 வரை முழுப் புள்ளி. அதன் பிறகு மனைவியோடு விண்ணப்பிப்பவருக்கு 40 வரை ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் 5 புள்ளி போகும். தனியாளுக்கும் ஏறக்குறைய அப்படியே. இலக்கைக் குறைத்தால் அழைப்புக்கு வேண்டிய புள்ளி உயரும். காத்திருப்பவனின் புள்ளியோ வயதால் இறங்கும். இரண்டும் எதிரெதிரே ஓடுகின்றன. ஆஸ்திரேலியாவில் வயதுப் புள்ளி படிக்கட்டு மாதிரி. 25 முதல் 32 வரை 30, 33 முதல் 39 வரை 25, பிறகு 44 வரை 15. விண்ணப்பித்தபோது எனக்கு 34. 33-இல் வாங்க வேண்டிய அடியை ஏற்கெனவே வாங்கிவிட்டேன். அடுத்த அடிக்கு ஆறு ஆண்டு இருந்தது. ஓர் ஆண்டு இழுத்தடித்தாலும் என் கணக்கில் ஒரு புள்ளி குறையாது. அடிலெய்ட் இருக்கும் தெற்கு ஆஸ்திரேலிய மாநிலம் என்னைப் பரிந்துரைத்தது. பெருநகரங்களுக்கு வெளியே வாழ்வோருக்கான 491 விசாவின் 15 புள்ளி அதோடு சேர்ந்தது.

சித்தி மகன் பக்கம் பாருங்கள். படிப்பு முடித்தான், ஓராண்டு வேலையும் பார்த்துவிட்டான், புள்ளி 490-ஐ ஒட்டி நின்றது. கனடாவில் வேலை பார்த்தவர்களுக்கான அழைப்புச் சுற்றுகளில் 2025 முழுக்க வெட்டுப்புள்ளி 500-க்குக் கீழே இறங்கவே இல்லை. அவனுடைய 32-ஆவது பிறந்தநாளன்று கூப்பிட்டேன். "வாழ்த்தெல்லாம் வேண்டாம் அண்ணா, இன்றோடு ஐந்து புள்ளி போயிற்று" என்றான்.

என் பக்கத்து ஓட்டைகளையும் சொல்லிவிடுகிறேன். மொத்த எண் அசையாமல் இருந்தாலும் மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் இடங்கள் ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும். நான் நுழைந்தது தாராளமான ஆண்டு. அது என் சாமர்த்தியம் இல்லை, அதிர்ஷ்டம். 491 ஐந்தாண்டு விசா, நிரந்தரம் அல்ல. சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் ஆகிய மூன்றையும் தவிர்த்து மூன்று ஆண்டு வாழ்ந்து, மூன்று வரி மதிப்பீடுகள் கையில் வந்த பிறகே அடுத்த படி. 2019-இல் இங்கேயும் 1.90 லட்சத்தை 1.60 லட்சமாகக் குறைத்திருக்கிறார்கள். 2025 ஆகஸ்ட் 31 அன்று இங்கே நடந்த குடியேற்ற எதிர்ப்பு ஊர்வலங்களுக்கான துண்டறிக்கையில் இந்தியர்களைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருந்தார்கள். அன்று நாங்கள் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. கனடாவில் நான் வாழ்ந்ததில்லை. அங்கே தெருவில் பேச்சு எப்படி என்பது சித்தி மகன் தொலைபேசியில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதை வைத்து அளந்துவிட மாட்டேன்.

30 வயதுக்கு உட்பட்டவர் என்றால் என் வாதம் பாதி பலமிழந்துவிடும். பிரெஞ்சு தெரிந்தவர் என்றால் மீதியும் போய்விடும். பிரெஞ்சு பேசுவோருக்குத் தனிச் சுற்று நடத்துகிறார்கள். 2025 மார்ச்சில் அப்படி ஒரு சுற்றில் வெட்டுப்புள்ளி 379. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த பிள்ளைகள் அடிலெய்டைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். சித்தி மகனும் இப்போது மாலை வகுப்புக்குப் போகிறான். போன ஞாயிற்றுக்கிழமை ஒன்று முதல் இருபது வரை பிரெஞ்சில் எண்ணிக் குரல் பதிவு அனுப்பினான். பதினாறில் தடுமாறி மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்திருந்தான்.