ஒரு வருடப் பணம் கட்டும் முன் 25-ஆம் போர்ட்டைத் தட்டிப் பாருங்கள்

க்ளவுடில் சொந்தமாக மெயில் சர்வர் வைக்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். நான் 7,200 ரூபாய் கட்டிவிட்டு எழுதுகிறேன்.

ஒரு ஆடிட்டர் அலுவலகத்துக்குக் கணினி வேலை பார்த்துக் கொடுக்கிறேன். பன்னிரண்டு பேருக்கு மெயில் வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று மாதாமாதம் அழுவதைவிட, ஒரு விபிஎஸ் (வாடகைக்குக் கிடைக்கும் மெய்நிகர் சர்வர்) எடுத்து, மெயிலை அனுப்பி வாங்கும் போஸ்ட்ஃபிக்ஸும், வந்ததைப் பெட்டியில் வைத்துப் படிக்கத் தரும் டவ்காட்டும் போட்டால் மிச்சம் என்று கணக்குப் போட்டேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். “மெயில் சர்வர் உட்பட எதை வேண்டுமானாலும் ஓட்டலாம்” என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள். மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி.

சனிக்கிழமை வாங்கி, திங்கட்கிழமை காலை எம்எக்ஸை (மெயில் எந்த சர்வருக்கு வர வேண்டும் என்று சொல்லும் பதிவு) மாற்றினேன். வெளியிலிருந்து மெயில் வந்தது. அலுவலகத்துக்குள் அனுப்பியதும் போனது. என் ஜிமெயிலுக்கு அனுப்பியது மட்டும் வரவில்லை. புது ஐபி (சர்வரின் இணைய எண்), தாமதமாகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது என் தப்புதான்.

ஜூலை மாதம், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் நேரம். வாடிக்கையாளர்கள் பதில் போடாமல் இருப்பது அங்கே வழக்கம் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சனிக்கிழமை ஆடிட்டரே கூப்பிட்டார். “என்ன தம்பி, நான் அனுப்பினது எல்லாம் எனக்கே திரும்பி வருது?”

நாம் மாற்றிச் சொல்லாவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் ஐந்து நாள் பொறுமையாக முயற்சி செய்துவிட்டுத்தான் மெயிலைத் திருப்பி அனுப்பும். க்யூவில் (அனுப்பக் காத்திருக்கும் வரிசையில்) 140 மெயில். எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்: கனெக்‌ஷன் டைம்ட் அவுட், அதாவது எதிர்முனையிலிருந்து பதிலே இல்லை. ஒரு மெயில் சர்வர் இன்னொன்றுக்கு மெயில் கொடுக்கும் வாசல் 25-ஆம் போர்ட். வெளியே போகும் அந்த வழியை விபிஎஸ் நிறுவனத்தார் அடைத்து வைத்திருக்கிறார்கள். உள்ளே வருவது திறந்திருந்ததால்தான் நான் ஏமாந்தேன்.

அவர்களுக்கு டிக்கெட் (புகார்) போட்டேன். திங்கட்கிழமை பதில் வந்தது: ஸ்பாமைத் தடுக்க இப்படி, 60 நாள் ஆன பிறகு கேட்டால் பரிசீலிப்போம். ஸ்பாமுக்காக அடைப்பது பல நிறுவனங்களில் வழக்கம்தான், அதைக் குறை சொல்லவில்லை. வாங்கும் பக்கத்தில் ஏன் சொல்லவில்லை என்பதுதான் கேள்வி. சரி, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். ஏழு நாளுக்குள் கேட்டிருக்க வேண்டுமாம். அன்றைக்கு ஒன்பதாவது நாள்.

சண்டை போட்டு மூன்றாவது வாரம் திறக்க வைத்தேன். அப்புறம்தான் அடுத்த கூத்து. ஐபி ஏற்கெனவே ஸ்பாம்ஹவுஸ் (ஸ்பாம் அனுப்பும் ஐபிகளைப் பட்டியலிடும் அமைப்பு) பட்டியலில் இருந்தது. யார் வைத்திருந்து கெடுத்தார்களோ! மெயில் நம்முடையதுதான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் எல்லாம் சரியாக வைத்தும் 550 (ஏற்க மாட்டோம்) என்று முகத்தில் அடித்தாற்போல் திரும்பி வந்தது. ஐபிக்கு என்ன பெயர் என்று சொல்லும் பிடிஆர் பதிவும் வேண்டும். அதை நம் டொமைனின் டிஎன்எஸ்ஸில் (பெயர்ப் பதிவேட்டில்) போட முடியாது, ஐபிக்குச் சொந்தக்காரர்தான் போட வேண்டும். அதற்கு இன்னும் பெரிய பிளான் வாங்கச் சொன்னார்கள். பிப்ரவரி 2024 முதல் ஜிமெயிலுக்கு அனுப்புகிறவர்கள் எல்லோருக்கும் பிடிஆர் கட்டாயம்.

எந்த நிறுவனமானாலும் முதலில் மணிக்கணக்கிலோ ஒரு மாதத்துக்கோ எடுங்கள். அந்த சர்வருக்குள் போய், டெல்நெட்டில் (ஒரு போர்ட்டுடன் இணைத்துப் பார்க்கும் கட்டளை) வெளியே ஏதாவது ஒரு மெயில் சர்வரின் 25-ஐத் தட்டுங்கள். 220 என்று ஒரு வரி வந்தால் திறந்திருக்கிறது. கர்சர் சும்மா சிமிட்டிக்கொண்டே இருந்தால் அடைப்பு. கொடுத்த ஐபி ஸ்பாம்ஹவுஸில் இருக்கிறதா, பிடிஆர் போட்டுத் தருவார்களா என்பதையும் பாருங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், போனில் சொல்வது உதவாது.

இப்போது வெளியே போகும் மெயிலை 587-ஆம் போர்ட் வழியாக வேறொரு ரிலே சேவைக்கு (நமக்காக மெயிலை அனுப்பித் தரும் சேவை) தள்ளுகிறேன். அதற்கும் மாதம் பணம். மிச்சம் பிடித்த கதையை ஆடிட்டரிடம் இன்னும் சொல்லவில்லை.