டேப் சுற்றித் தராத காயில் கடை

செங்கோட்டையிலிருந்து புளியரைக்குப் போகும் கொல்லம் ரோட்டில், வயலைப் பார்த்தபடி ஒரு மோட்டார் காயில் கட்டும் கடை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் பழைய போர்வெல் மோட்டார்களின் வெற்றுக் கூடுகளைச் சாத்தி வைத்திருப்பார்கள், அதுதான் அடையாளம். உள்ளே ஒரு அண்ணாச்சி, ஒரு பையன், வார்னிஷ் வாடை. செடி வெட்டும் மிஷினுக்கும் புல் வெட்டும் மிஷினுக்கும் வயர் மாற்ற அங்கே போனேன். வேலை நன்றாக இருந்தது. குறையும் உண்டு, அதையும் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி: புளியரைப் பக்கம் சின்னதாக ஒரு நர்சரி வைத்திருக்கிறேன். கூடவே குற்றாலம், மேலகரம் பக்கத்து லாட்ஜுகளுக்கும் வீடுகளுக்கும் தோட்டப் பராமரிப்பு. ஆனி, ஆடியில் சாரல் பிடித்தால் புல்லுக்கு வேறு வேலையே இல்லை, வளர்ந்துகொண்டே இருக்கும். சீசன் நேரத்தில் லாட்ஜில் ஆட்கள் தூங்கும்போது பெட்ரோல் மிஷின் போட்டால் மேனேஜர் ஓடி வந்துவிடுவார். அதனால் கரண்டு மிஷின்தான். செடி வெட்ட 600 வாட்டில் ஒன்று, புல் வெட்ட 1200 வாட்டில் ஒன்று. புல் மிஷின் செகண்ட் ஹேண்டில் வாங்கியது.

இரண்டும் ஒரே வாரத்தில் படுத்துவிட்டன. டுராண்டா வேலியை உருண்டையாக வெட்டிக்கொண்டிருந்த பையன், செடிக்குப் பின்னால் கிடந்த வயரையும் சேர்த்து வெட்டிவிட்டான். (இந்த மஞ்சள் டுராண்டாவை எல்லாரும் ஏன் உருண்டையாகவே கேட்கிறார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.) படார் என்று சத்தம் வந்தது, லாட்ஜின் எம்சிபி (ஷார்ட் ஆனால் தானாகவே விழுந்து கரண்டை நிறுத்தும் சுவிட்ச்) விழுந்தது, பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. புல் மிஷின் கதை வேறு. வயர் கைப்பிடிக்குள் நுழைகிற இடத்தில் உள்ளே கம்பி இற்றுப்போய், ஒரு பக்கமாக வளைத்துப் பிடித்தால்தான் ஓடும்.

முதலில் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குத்தான் போனேன். எந்த ஊர், எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். வயர் மட்டும் தனியாக வராது, சுவிட்சோடு கைப்பிடி செட்டாகத்தான் வரும் என்றார்கள். சொன்ன விலை புது மிஷின் விலையில் பாதியை நெருங்கியது. எப்போது வரும் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. வெளியே வந்து ஒரு எலக்ட்ரிக்கல் கடையில் கேட்டேன். "அம்பது ரூபா குடுங்கக்கா, முறுக்கி டேப் போட்டுத் தர்றேன், வருசக்கணக்கா ஓடும்" என்றார். டேப் போட்ட வயரை சாரல் ஈரத்தில் புல்லில் இழுத்துக்கொண்டு போக எனக்குத் தைரியமில்லை. அப்புறம்தான் ஒரு லாட்ஜின் பிளம்பர் இந்தக் காயில் கடையைச் சொன்னார்.

அண்ணாச்சி மிஷினைக் கையில் வாங்கும் முன்பே ஒரு கேள்வி கேட்டார்.

"தாயி, இது மண்ணுல கெடக்குற வயரா, செவுத்துல தொங்குற வயரா?"

மண்ணில்தான் கிடக்கும், ஈரத்தில், வெயிலில், சில நேரம் கல்லில் உரசியும் என்றேன். "அப்ப டேப்பு சுத்தித் தர மாட்டேன். முழுசா மாத்தணும்னா வச்சிட்டுப் போ, இல்லன்னா எடுத்துட்டுப் போ." பேச்சு அவ்வளவுதான். டேப் போட்ட இடம் விறைப்பாக நிற்கும், அதற்குப் பக்கத்தில் வயர் மடிந்து மடிந்து மறுபடி அங்கேயே இறும், டேப்பின் பசை வெயிலில் இளகினால் தண்ணீர் உள்ளே போகும். இந்த விளக்கம்கூட நான் துருவிக் கேட்ட பிறகு வந்ததுதான்.

ஒரு சலுகை மட்டும் உண்டு. வெட்டு மிஷினுக்குப் பக்கத்திலேயே இருந்தால், அந்தத் துண்டைக் கழித்துவிட்டு மிச்ச வயரையே திரும்ப உள்ளே மாட்டித் தருவார், கூலி மட்டும்தான். என் வயரில் வெட்டு நட்டநடுவில் விழுந்திருந்தது. அதனால் புது வயர்.

செடி மிஷினின் லேபிளில் ஒரு சின்னச் சதுரம், அதற்குள் இன்னொரு சதுரம் இருக்கும். இத்தனை நாள் அதைக் கம்பெனி முத்திரை என்றுதான் நினைத்திருந்தேன். அது இரட்டைக் காப்பு உள்ள மிஷின் என்பதற்கான அடையாளமாம். அந்தக் குறி இருந்தால் எர்த் கம்பி தேவையில்லை, இரண்டு கோர் வயரே போதும், அதாவது உறைக்குள் இரண்டே கம்பி. குறி இல்லாமல், இரும்பு பாடியோடு இருந்தால் மூன்று கோர் கட்டாயம். பச்சை மஞ்சள் கோடு போட்ட மூன்றாவது கம்பி பாடியில் போய் மாட்டியிருக்க வேண்டும்.

அதைச் சொல்லிக்கொண்டே புல் மிஷினைத் திருப்பினார். சதுரத்துக்குள் சதுரம் இல்லை. அடித்தட்டு முழுக்க இரும்பு. கைப்பிடியைக் கழற்றினால் உள்ளே வந்து சேர்வது இரண்டு கோர் வயர்! எனக்கு விற்றவருக்கு முன்னால் யாரோ ஒருவர் வயர் மாற்றும்போது, கையில் கிடைத்ததை மாட்டி அனுப்பியிருக்கிறார். எர்த் போட வேண்டிய திருகு சும்மா துருப்பிடித்து நின்றது. பாடிக்குள் கரண்டு கசியாத வரைக்கும் எர்த் இல்லாத மிஷினும் நன்றாகத்தான் ஓடும், வெளியிலிருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. எங்கள் பையன்கள் ஈரப் புல்லில் நின்று அந்த இரும்பைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அண்ணாச்சி திட்டக்கூட இல்லை, அந்தப் பழைய வயரைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டார். மறுபடி யாரும் எடுத்து எதிலும் மாட்டிவிடக்கூடாதாம்.

வேலை நடந்தபோது பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன், அவர் தடுக்கவில்லை. செடி மிஷினில் இருப்பது ஆறு முனை நட்சத்திரத் திருகு, சாதாரண ஸ்க்ரூ டிரைவர் நுழையாது. அதற்கான பிட் அவரிடம் இருந்தது. கூட்டைப் பிரித்ததும் கம்பிகள் போகும் வழியைப் பையன் போனில் படம் எடுத்துக்கொண்டான். கூட்டை மூடும்போது வயர் தவறான இடத்தில் நசுங்கினால் எல்லாம் வீண்.

வயர் உள்ளே நுழையும் இடத்தில் வால் மாதிரி ஒரு ரப்பர் புஷ் இருக்கும். வயர் சட்டென்று ஒடிந்து மடங்காமல் பார்த்துக்கொள்வது அதுதான். புது வயரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து முதலில் அதற்குள் நுழைத்தார். இணைப்பெல்லாம் கொடுத்த பிறகு புஷ்ஷை மாட்ட முடியாது, அவசரக்காரர்கள் அதைத் தூக்கி எறிந்துவிடுவார்களாம். அடுத்து கிளாம்ப். இரண்டு திருகு வைத்த சின்னப் பட்டை, வயரின் மேல் உறையைத்தான் அது கவ்வ வேண்டும், உள்ளே இருக்கும் கம்பிகளை அல்ல. நாம் வயரைப் பிடித்து இழுத்தால் இழுவை கிளாம்போடு நின்றுவிட வேண்டும், சுவிட்ச் முனைக்குப் போகக்கூடாது. கிளாம்ப் இல்லாமல் உள்ளே ஒரு முடிச்சுப் போட்டு விடுகிறவர்களும் இருக்கிறார்கள். என் புல் மிஷினில் இருந்தது அந்த முடிச்சுதான், இற்றுப்போனதும் அதனால்தான்.

மூன்று கோரில் எர்த் கம்பியை மட்டும் மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் நீளமாக விட்டார். என்றாவது வயர் பிய்த்துக்கொண்டு வந்தால் கடைசியாக அறுவது எர்த்தாக இருக்க வேண்டும். கம்பி முனைகளுக்கு ஈயம் வைக்கவில்லை, லக் என்கிற சின்ன உலோக முனையைப் போட்டு நசுக்கினார். ஈயம் வைத்து முறுக்கினால் கெட்டியாக இருக்குமே என்றேன். திருகுக்கு அடியில் ஈயம் நாளாக நாளாக அமுங்கிக் கொடுக்கும், பிடி தளரும், தளர்ந்த இடம் சூடாகும் என்றார்.

வயர் விஷயத்தில் மனுஷர் ரொம்பக் கறார். கடையில் இருப்பது கறுப்பு ரப்பர் வயர் மட்டும். பிவிசி வயரைத் தோட்ட மிஷினுக்குப் போடவே மாட்டார், வெயிலில் கிடந்தால் விறைத்து வெடித்துவிடும் என்கிறார். நாமே வயர் வாங்கிக்கொண்டு போகலாம். ஆனால் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பார், பிறகு ஒரு இழையை எடுத்து பிளேடால் சுரண்டுவார். சுரண்டினால் உள்ளேயும் செம்பாக இருக்க வேண்டும். வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்புப் பூச்சு அடித்த அலுமினியம், திருப்பிக் கொடுத்துவிடுவார். நான் இருந்தபோதே ஆரியங்காவிலிருந்து வந்த ஒருவர் அப்படி ஒரு சுருளோடு மாட்டிக்கொண்டார். மலையாளத்தில் கால்மணி நேரம் வாதம். கடைசியில் சேட்டன் சிரித்துக்கொண்டே சுருளைத் திரும்ப ஜீப்பில் போட்டார்.

எக்ஸ்டென்ஷன் வயரையும் கொண்டு வரச் சொன்னார். என்னிடம் இருந்தது 30 மீட்டர் சுருள், கடைக்காரர்கள் 23/76 என்று சொல்லும் சன்ன வயர், சுமார் 0.7 சதுர மில்லிமீட்டர்தான். 1200 வாட் மிஷின் 5 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். போகவும் வரவும் 60 மீட்டர் செம்பு. அதிலேயே சுமார் 8 வோல்ட் விழுந்துவிடும். 1.5 சதுர மில்லிமீட்டர் வயராக இருந்தால் அதில் பாதிதான். ஏற்கெனவே சாயங்காலமானால் எங்கள் பக்கம் வோல்டேஜ் இறங்கிவிடும், அதற்கு மேல் இது வேறு. மிஷின் திணறும், சூடாகும். சுருளைப் பிரிக்காமல் பாதி சுற்றோடு ஓட்டினால் உள்சுற்றில் இருக்கும் வயரும் வெந்துபோகும். எக்ஸ்டென்ஷனையும் மூன்று கோரில் மாற்றச் சொன்னார். இல்லையென்றால் மிஷினில் எர்த் மாட்டியும் அது சுவர் வரைக்கும் போய்ச் சேராது. மாற்றிவிட்டேன்.

கூட்டை மூடியதும் மெக்கர் வைத்தார். 500 வோல்ட் கொடுத்து, கம்பிக்கும் பாடிக்கும் நடுவே கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் கருவி. முள் நன்றாகவே மேலே ஏறியது, அப்படியென்றால் கசிவு இல்லை. புல் மிஷினில் பிளக்கின் எர்த் பின்னுக்கும் இரும்புத் தட்டுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று தனியாக ஒருமுறை பார்த்தார். வயரைக் கையில் சுற்றி ஓங்கி இழுத்தார். அப்புறம்தான் பிளக்கைச் செருகினார்.

கிளம்பும்போது, லாட்ஜில் எம்சிபி மட்டுமா, இஎல்சிபி இருக்கா என்று விசாரித்தார். எம்சிபி மட்டும்தான் என்றதும் தலையை ஆட்டினார். பையன் வயரை வெட்டியபோது விழுந்தது எம்சிபி, அது ஷார்ட்டுக்கு விழும். ஒரு ஆளின் உடம்பு வழியாகப் பூமிக்குப் போகிற கரண்டு அதற்குத் தெரியவே தெரியாது. அதற்கு 30 மில்லி ஆம்பியரில் விழுகிற இஎல்சிபி வேண்டும். அவர் அதை விற்பதில்லை, விற்றிருந்தால் வியாபாரப் பேச்சு என்று நினைத்திருப்பேன். இப்போது வேலைக்குப் போகும் இடத்துக்கெல்லாம் நானே ஒன்றைப் பெட்டியில் பொருத்தி எடுத்துப் போகிறேன். மிஷினைப் போடும் முன் அதன் டெஸ்ட் பட்டனைப் பையன் என் கண் முன்னால் அழுத்திக் காட்ட வேண்டும்.

கூலி செடி மிஷினுக்கு 200, புல் மிஷினுக்கு 300. வயருக்கு மீட்டர் கணக்கு, அது தனி. எல்லாம் சேர்த்தும் சர்வீஸ் சென்டர் ஒரு மிஷினுக்குச் சொன்ன விலையைத் தொடவில்லை. புது மிஷினாக, வாரண்டி ஓடிக்கொண்டிருந்தால் கதை வேறு. வெளியே பிரித்தால் வாரண்டி போய்விடும், அப்போது கம்பெனியிடம்தான் போக வேண்டும். என்னுடையது இரண்டும் அந்தக் காலத்தைத் தாண்டியவை.

இனி குறை. சொன்ன நாளில் வேலை முடியாது. விவசாயி ஒருவர் பம்பு மோட்டாரோடு வந்து நின்றால் நம் மிஷின் ஓரத்துக்குப் போய்விடும். அதை நியாயம் என்று ஒப்புக்கொள்ளலாம், ஆனால் ஒரு போன் பண்ணிச் சொல்லலாமே. பில் தர மாட்டார். துண்டுச் சீட்டில் பென்சிலால் கூட்டிக் கொடுப்பார், லாட்ஜ் கணக்கில் நான் அதை எப்படிக் காட்டுவது? கறுப்பு வயர் மட்டும் வைத்திருப்பதுதான் எனக்குப் பெரிய குறை. பச்சைச் செடி நடுவே கறுப்பு வயர் கண்ணுக்கே தெரியாது, போன தடவை வெட்டுப்பட்டதும் கறுப்பு வயர்தான். ஆரஞ்சு நிறத்தில் ரப்பர் வயர் வாங்கி வைக்கச் சொன்னேன். "நல்ல சரக்கு கெடைச்சா பாப்போம்" என்றார். வைப்பார் என்று தோன்றவில்லை. அடுத்த தடவை நானே வாங்கிக்கொண்டு போகப் போகிறேன், சுரண்டிப் பார்த்துத்தான்.

போகிறவர்கள் காலையில் போங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் எங்காவது கிணற்றடியில் இருப்பார், கடையில் பையன் மட்டும்தான். அவன் மிஷினை வாங்கி வைப்பான், விலை சொல்ல மாட்டான். ஜிபே கிடையாது, கையில் பணம் வேண்டும். மிஷினை மண், புல் எல்லாம் தட்டித் துடைத்துக் கொண்டு போங்கள். அழுக்காகக் கொண்டுபோனால் அதற்கு ஐம்பது ரூபாய் தனி, அதில் பேரம் கிடையாது.