மறதிநோயின் முதல் சோதனை: பதினாறு கேள்விகளா, எட்டுக் கேள்விகளா?

டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் ஒருவருக்கு இருக்கக்கூடுமா என்று பார்க்க அவரையே சோதிக்கலாம். அவரை நெருங்கி அறிந்தவரிடமும் கேட்கலாம். கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தே வயதான, பள்ளிக்கூடத்தை எட்டிப் பாராத ஒரு பாட்டியிடம், 1975-இல் வந்த, நோயாளியையே நேரடியாகச் சோதிக்கும் எம்எம்எஸ்இ என்ற நினைவுத்திறன் தேர்வை வைத்து, வாக்கியம் எழுதவும் ஐங்கோணம் வரையவும் சொன்னால், குறைகிற மதிப்பெண்ணுக்கு நோய் காரணமா, எழுத்தறிவின்மை காரணமா என்று பிரித்தறிவது கடினம். ஆகவே நீலகிரிக்கு உடனிருப்பவரைக் கேட்கும் வினாத்தாளே பொருந்தும் என்பேன். அவ்வகையில் இரண்டு பெயர்பெற்றவை.

ஐக்யூகோட் 1989-இல் ஆஸ்திரேலியாவில் உருவானது. அதன் 26 கேள்விகள் பின்னர் 16 ஆகச் சுருக்கப்பட்டன. முதியவரின் நினைவும் அன்றாடத் திறனும் இப்போது எப்படி என்று பத்தாண்டுகளுக்கு முன்பிருந்த நிலையோடு ஒப்பிட்டு, மிகவும் மேம்பட்டிருந்தால் 1, மாற்றமில்லையென்றால் 3, மிகவும் மோசமாகியிருந்தால் 5 என்று குறித்துச் சராசரி காண வேண்டும். அது ஏறத்தாழ 3.3 முதல் 3.6 வரையிலான எல்லையைத் தாண்டினால் ஐயத்திற்கு இடமுண்டு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் 2005-இல் வந்த ஏடி-8, அண்மைச் சில ஆண்டுகளில் மாற்றம் உண்டா, இல்லையா என்று எட்டு முறை மட்டுமே கேட்கிறது; இரண்டுக்கோ அதற்கு மேலோ 'உண்டு' என்றால் மருத்துவரிடம் அனுப்பலாம். சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

பதில் சொல்பவர் யார் என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. பத்தாண்டுக்கு முந்தைய அம்மாவை அறிந்த மகன் திருப்பூரில் வேலை பார்த்துக்கொண்டு, பண்டிகைக்கு மட்டும் மலையேறி வருகிறார். அன்றாடம் சோறு போடும் மருமகளோ நான்காண்டுகளுக்கு முன் வாழ்க்கைப்பட்டு வந்தவர். ஐக்யூகோட் இருவரையும் திணறடிக்கும். ஏடி-8 மருமகளின் கண்ணுக்கு மதிப்பளிக்கும். (தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லயன் வீடுகளில் சுவருக்கு அப்பால் முப்பதாண்டு இருக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கு இருவரையும்விட அதிகம் தெரிந்திருக்கும், அவரைக் கேட்பதில் தவறில்லை.)

அதற்காக ஏடி-8 குறையற்றதன்று. மறதியால் வந்த மாற்றத்தையே அது கேட்கிறது. மூட்டுவலியால் கொழுந்துக்குப் போவதை நிறுத்தியவருக்கு 'ஆர்வம் குறைந்தது' என்று குறித்துவிட்டால் தேவையில்லாமல் ஒரு புள்ளி ஏறும். 'வயசானா மறக்கத்தானே செய்யும்' என்று எல்லாவற்றுக்கும் 'இல்லை' சொல்லும் வீடுகளும் உண்டு. ஐக்யூகோடின் ஐந்து படிகள் தயங்குபவருக்கு இடங்கொடுக்கின்றன. ஆனால் பராமரித்துச் சோர்ந்துபோன ஒருவர் பதினாறுக்கும் 'சற்று மோசம்' என்று 4 போட்டால், சராசரி 4 ஆகி எல்லையைத் தாண்டிவிடும். பதில் சொல்பவரின் மனச்சோர்வு மதிப்பெண்ணை உயர்த்துவது இந்த வினாத்தாளின் அறியப்பட்ட குறை.

இயந்திரங்களைப் பற்றிய கேள்விகள் இரண்டிலும் உண்டு. மிக்சி, கைப்பேசி என்று எடுத்துக்காட்டுச் சொன்னால் போதும். பணக் கணக்குக்கு முதியோர் உதவித்தொகையையும் கொழுந்து எடைச்சீட்டையும் வைத்துக் கேட்பது நல்லது.

வீடுவீடாகச் செல்லும் சுகாதாரத் தன்னார்வலரின் கையில் நான் ஏடி-8 தான் கொடுப்பேன். பத்தாண்டுக்கு மேல் ஒரே கூரையின்கீழ் இருந்த துணையோ மகளோ கிடைத்தால், மருத்துவமனையில் ஐக்யூகோடையும் நிரப்பச் சொல்வேன். எதுவும் நோயை உறுதிசெய்யாது. தைராய்டு குறைவு, பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றையும் மருத்துவர் பார்க்க வேண்டும். எந்தத் தாளானாலும், அதன் தலைப்பில் 'நீங்கள் இவருடன் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறீர்கள்?' என்ற ஒரு வரியைச் சேர்த்துவிட்டால், மதிப்பெண்ணை எவ்வளவு நம்பலாம் என்று மருத்துவருக்குத் தெரிந்துவிடும்.